'டார்க்' தொடரை முதன்முறையாகப் பார்ப்பது எப்படி?

'டார்க்' பார்க்க ஆரம்பித்து மூன்றாவது எபிசோடோடு விட்டுவிட்டதாகச் சொல்பவர்கள் எங்கள் வங்கிக் கிளையிலேயே பலர் இருக்கிறார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "யார் யாருன்னே புரியல." காலம் முன்னே பின்னே போவது குழப்புகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆட்கள்தான் குழப்புகிறார்கள். நான் திரில்லர் தொடர்களை விரும்பிப் பார்ப்பவள். அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இது. அதனால் நல்ல தொடரை இப்படிப் பாதியில் கைவிடுகிறார்களே என்று மனசு கேட்பதில்லை. அவர்களுக்காகவும், இனிமேல் தொடங்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். முதல் எபிசோடில் வருவதையும், ஆட்களின் பெயர் உறவையும் தவிர கதையில் எதையும் உடைக்க மாட்டேன். தைரியமாகப் படிக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் குடும்பக் கதையாகப் பாருங்கள். யார் யாருடைய பிள்ளை, யார் யாரிடம் எதை மறைக்கிறார் என்ற இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். அறிவியல் எல்லாம் பின்னாலேயே வரும். அறிவியலைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தை விட்டவர்கள்தான் மூன்றாவது எபிசோடில் இறங்கிவிடுகிறார்கள்.

தொடங்கும் முன்

நெட்ஃப்ளிக்ஸ் ஜெர்மன் மொழியில் சொந்தமாகத் தயாரித்த முதல் தொடர் இது. பாரான் போ ஒடாரும் யான்ட்யே ஃப்ரீஸேயும் சேர்ந்து உருவாக்கியது. எல்லா எபிசோடையும் ஒடாரே இயக்கியிருக்கிறார், எழுத்தின் பெரும் பொறுப்பு ஃப்ரீஸேயுடையது. மூன்று சீசன், 10, 8, 8 என்று மொத்தம் 26 எபிசோட். பெரும்பாலானவை முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஓடும், கடைசி எபிசோட் இன்னும் நீளம். கதை மூன்று சீசனில் முழுமையாக முடிந்துவிட்டது. அடுத்த சீசன் வருமா என்று வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

வெளியான தேதிகளை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்: 2017 டிசம்பர் 1, 2019 ஜூன் 21, 2020 ஜூன் 27. முதல் எபிசோடின் முதல் சம்பவம் நடக்கும் நாள் 2019 ஜூன் 21. அதாவது 2017-ல் பார்த்தவர்களுக்கு அது இன்னும் வராத நாள். அந்த நாள் நிஜமாகவே வந்தபோது இரண்டாவது சீசனை வெளியிட்டார்கள். மூன்றாவது சீசனின் தேதிக்கும் கதைக்குள் ஒரு காரணம் உண்டு. இரண்டாவது சீசன் பார்க்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். இந்த அளவுக்குக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்தால், புரியாத காட்சியைப் பொறுத்துக்கொள்வது எளிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் காட்சியே ஒருவர் தூக்குப் போட்டுக்கொள்வதுதான். குழந்தைகளின் உடல்கள் வரும், படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். வீட்டில் யாராவது நெருங்கியவரை அப்படி இழந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களாக முடிவெடுக்கட்டும்.

மொழி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. ஒலி ஜெர்மனிலேயே இருக்கட்டும், கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடட்டும். ஆங்கில டப்பிங்கில் வாய் ஒரு பக்கம் போக, குரல் வேறு பக்கம் போகும். இந்தத் தொடரில் ஆட்கள் பேசுவதே குறைவு. ஒரு பெருமூச்சிலும், பாதியில் நிற்கும் வாக்கியத்திலும் விஷயம் இருக்கிறது. டப்பிங்கில் முதலில் காணாமல் போவது அதுதான். வசனங்கள் சின்னச் சின்னதாக இருப்பதால் சப்டைட்டில் படிப்பதும் சிரமமில்லை. எங்கள் பெரியம்மா வள்ளியூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களோடு வந்து தங்கியிருந்தபோது இந்தத் தொடர் முழுவதையும் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். வேகமாகப் படிக்க வராது, அதனால் ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். வேண்டிய இடத்தில் நிறுத்திப் படித்துவிட்டு ஓட்டுவார்.

காதில் விழுவதும் கண்ணில் படுவதும் வேறாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சப்டைட்டிலில் ஜோனாஸ் என்று படிப்பீர்கள், அவர்கள் யோனாஸ் என்று கூப்பிடுவார்கள். கதை நடக்கும் ஊர்ப் பெயரின் முதல் எழுத்து டபிள்யூ, ஆனால் சொல்வது விண்டன் என்று. முதல் எபிசோட் முடிவதற்குள் காது பழகிவிடும்.

அப்புறம் சில சின்ன ஏற்பாடுகள். கணக்கின் அமைப்புகளுக்குள் போய், அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை நிறுத்துங்கள். பல எபிசோடுகள் வசனமே இல்லாமல், பாட்டு மட்டும் ஓட, ஊரில் ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று காட்டி முடியும். அதில் மனம் ஊறிக்கொண்டிருக்கும்போது அடுத்தது பாய்ந்து வந்தால் எல்லாம் கெட்டுவிடும். தொடக்கப் பாட்டையும் தள்ளிவிடாதீர்கள். கண்ணாடியில் மடித்தது போல இடமும் வலமுமாக ஒட்டி நிற்கும் அந்தப் படங்கள் சும்மா அழகுக்கு வைத்தவை இல்லை. பாதிக் காட்சிகள் இரவிலும் மழையிலும் குகையிலும் நடப்பதால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். இரண்டு நிமிஷம் கீழே குனிந்து செய்தி பார்த்தால் ஒரு தாத்தாவைத் தவறவிட்டிருப்பீர்கள்.

நோட்டும் பென்சிலும்

இதுதான் முக்கியமான பகுதி. ஒரு பழைய நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், பென்சில். போட்ட கோட்டை அழித்து வேறு இடத்துக்கு இழுக்க வேண்டிய நிலை கட்டாயம் வரும்.

கதையில் நான்கு குடும்பங்கள்: கான்வால்ட், நீல்சன், டாப்ளர், டீடமன். குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தைக் குறுக்கே மூன்றாக மடித்து மேலே 1953, நடுவில் 1986, கீழே 2019 என்று எழுதுங்கள். பக்கத்தின் மேலும் கீழும் நாலு விரல் இடம் காலியாக விடுங்கள். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

முதலில் நிரப்ப வேண்டியது 2019 பகுதி. கான்வால்ட் பக்கத்தில் மைக்கேல், மனைவி ஹன்னா, மகன் யோனாஸ், மைக்கேலின் அம்மா இனெஸ். முதல் காட்சியில் இறப்பவர் இந்த மைக்கேல்தான். மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு சைக்கிளில் வருகிற பையன் யோனாஸ்.

நீல்சன் பக்கம் கொஞ்சம் பெரிது. உல்ரிக் போலீஸ்காரர், மனைவி கத்தரீனா பள்ளித் தலைமையாசிரியை. பிள்ளைகள் மூன்று பேர்: மாக்னுஸ், மார்த்தா, கடைக்குட்டி மிக்கெல். உல்ரிக்கின் அப்பா டிரான்டே, அம்மா யானா. உல்ரிக்குக்கு மாட்ஸ் என்று ஒரு தம்பி இருந்தான், 1986-ல் காணாமல் போனான். 33 வருஷம் கழித்தும் அந்த அம்மா அவனுக்காகக் காத்திருக்கிறார். மாட்ஸ் பெயரை 1986 பகுதியில் எழுதி வட்டம் போடுங்கள்.

டாப்ளர் பக்கத்தில் ஷார்லட், அவர் உல்ரிக்கின் மேலதிகாரி. கணவர் பீட்டர், மகள்கள் ஃபிரான்சிஸ்கா, எலிசபெத். எலிசபெத்துக்குக் காது கேட்காது, வீட்டில் சைகை மொழியில் பேசுவார்கள். பீட்டரின் அப்பா ஹெல்கே, நினைவு தடுமாறிய முதியவர். அவர் சொல்வதை ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

டீடமன் பக்கத்தில் ரெகீனா ஹோட்டல் நடத்துகிறார், கணவர் அலெக்சாண்டர் அணுமின் நிலையத்தின் தலைவர், மகன் பார்தோஷ் யோனாஸின் நண்பன். ரெகீனாவின் அம்மா பெயருக்கு மட்டும் இடம் விட்டுவையுங்கள், சீக்கிரமே கிடைக்கும்.

இவ்வளவுதான் ஆரம்ப மூலதனம். இதைப் படித்துவிட்டு முதல் எபிசோடுக்குப் போனால் பாதிப் பாரம் குறைந்துவிடும். புதிதாக ஒருவர் திரையில் வந்தால் உடனே நிறுத்தி, எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று தீர்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தெரியாவிட்டால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஆள் தெரியவில்லை' என்று ஒரு தலைப்பு போட்டு அதில் அடையாளத்தை எழுதுங்கள். பாதிரியார் உடையில் ஒருவர், ஹோட்டலில் அறை எடுக்கும் தாடிக்காரர் ஒருவர் என்று அந்தப் பக்கத்துக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவராக அங்கிருந்து ஏதாவது ஒரு குடும்பப் பக்கத்துக்குப் போகும்போது கிடைக்கும் திருப்தி இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தொடரைப் பார்க்கலாம்.

எங்கள் பெரியம்மா இதில் இன்னொரு படி மேலே போனார். கல்யாண வீட்டில் தூரத்தில் வரும் பெண்ணைப் பார்த்ததுமே இன்னாருடைய கொழுந்தியாள் மகள் என்று சொல்லிவிடும் ஆள் அவர். அந்தக் கணக்கை அப்படியே விண்டனுக்கும் போட்டார். அவர் மகன், எனக்கு அண்ணன், கம்ப்யூட்டர் துறையில் இருப்பவன். அவன் அம்புக்குறி போட்டுக் காலத்தை வரைந்துகொண்டிருந்தான். பெரியம்மா உறவை மட்டும் எழுதினார். யாராவது பொய் சொன்னால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. முதல் எபிசோடிலேயே உல்ரிக் மனைவிக்குத் தெரியாமல் ஹன்னா வீட்டுக்குப் போய்வருவது தெரிந்துவிடும். பெரியம்மா உடனே நிறுத்தினார். "ஏட்டி, இவனுக்கு ஒரு புள்ளி, அவளுக்கு ஒரு புள்ளி. அந்தப் பய அப்பன் செத்து அஞ்சு மாசங்கூட ஆகலல்லா? இது எங்க போயி முட்டுதுன்னு பாரு" என்றார்.

அந்தப் புள்ளி வைக்கும் பழக்கத்தை நானும் எடுத்துக்கொண்டேன். முதல் எபிசோடின் தலைப்பே 'ரகசியங்கள்'தான். இந்த ஊரில் நடக்கும் பெரிய சேதம் ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், ஒருவர் இன்னொருவரிடம் சொல்லாமல் மறைத்த ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும். புள்ளி வைத்துக்கொண்டே வந்தவர்களுக்கு அது சட்டென்று தெரியும்.

ஒரே ஆளை வெவ்வேறு வயதில் வெவ்வேறு நடிகர்கள் நடிக்கிறார்கள். அப்படி ஒத்துப்போகிற முகங்களைத் தேடிப் பிடித்தவர் சிமோன் பேர். அவர் வேலையைப் பார்த்துப் பார்த்து எனக்கு வியப்பு தீரவில்லை. கண், மூக்கு மட்டும் ஒத்துப்போனால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. தலையைச் சாய்க்கும் விதம், முறைக்கும் விதம் வரை பொருந்தி வருகிறது. ஆகவே முகத்தை மட்டும் பார்க்காமல் தழும்பு, மச்சம், கண்ணின் நிறம் எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். ஒருவருக்கு இரண்டு கண்ணும் இரண்டு நிறத்தில் இருக்கும். அதைக் கவனித்துவிட்டால் எந்த வயதில் வந்தாலும் அவரைப் பிடித்துவிடலாம். முதல் சீசனிலேயே ஓரிடத்தில் திரையை இரண்டாகப் பிரித்து இளவயது முகத்தையும் முதிர்ந்த முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவார்கள். அங்கே நிறுத்தி நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறான கோடு எல்லாம் அங்கே திருந்திவிடும்.

எந்த ஆண்டில் இருக்கிறோம்?

1953, 1986, 2019. இடைவெளி 33 ஆண்டு. இந்த 33 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறார்கள். தொடரிலேயே விளக்கம் வரும்: சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் ஏறக்குறைய 33 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி ஒத்துப்போகும். ரம்ஜானை நினைத்துக்கொண்டால் சுலபம். சந்திரக் கணக்கில் வருவதால் ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் வரும். கோடையில் வந்த ரம்ஜான் மெல்ல மெல்ல நகர்ந்து, சுமார் 33 வருஷத்தில் முழுச் சுற்று சுற்றி மறுபடி அதே கோடைக்கு வந்து சேரும். அந்தக் கணக்குதான் இது.

சில இடங்களில் ஆண்டைத் திரையில் எழுதிக் காட்டுவார்கள், பல இடங்களில் காட்ட மாட்டார்கள். அப்போது பொருட்களைப் பாருங்கள். வாக்மேன், சுழற்றும் தொலைபேசி, கார், சுவர்த்தாள், தொலைக்காட்சிப் பெட்டி. ரெய்டர் என்ற பெயரில் ஒரு சாக்லேட் உறை வரும். நமக்குத் தெரிந்த ட்விக்ஸ்தான் அது, ஜெர்மனியில் 1991 வரை அந்தப் பெயரில் விற்றது. பிஃபெனிக் நாணயம் வரும். 2002-ல் யூரோ நோட்டும் நாணயமும் புழக்கத்துக்கு வந்ததிலிருந்து அந்தக் காசு செல்லாது. இந்த இரண்டில் ஒன்று 2019-ல் கிடக்கிறது என்றால் ஏதோ இடம் மாறியிருக்கிறது என்று பொருள். ஜெர்மானியர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரியும். நமக்கு யாராவது சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன்.

1986-க்கு இன்னொரு பின்னணியும் உண்டு. அந்த ஆண்டு ஏப்ரல் 26-ம் தேதி செர்னோபில் விபத்து. கதிரியக்கத்தோடு வந்த மழை அன்றைய மேற்கு ஜெர்மனியிலும் பெய்தது. காளான் சாப்பிடாதே, குழந்தையை மண்ணில் விளையாட விடாதே என்று ஊர் முழுக்கப் பயம். கதையின் 1986 அதற்கு ஆறேழு மாதம் கழித்து, நவம்பரில் நடக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் ஓர் அணுமின் நிலையத்தை நம்பிப் பிழைக்கும் ஊர் எப்படி மூச்சு விட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள். 2019-ல் அந்த நிலையத்தையே மூடப் போகிறார்கள். நிஜ ஜெர்மனியிலும் 2011-ல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு எல்லா அணுமின் நிலையங்களையும் மூட முடிவெடுத்து, கடைசி மூன்றை 2023 ஏப்ரல் 15-ம் தேதி நிறுத்தினார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கூடங்குளம். 2011-லும் 2012-லும் இடிந்தகரைப் பந்தலில் ஜனங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அங்கே வேலைக்குப் போகும் சொந்தக்காரர்களும் எங்களுக்கு உண்டு, எதிர்த்து உட்கார்ந்த சொந்தக்காரர்களும் உண்டு. அதனால் விண்டன் காட்டுக்குப் பின்னால் அந்தக் கோபுரங்கள் புகைவிட்டுக்கொண்டு நிற்கும் காட்சி எனக்கு வெறும் பின்னணியாகத் தெரிவதில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் பாதி தெரியும், பாதி தெரியாது. சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

எவ்வளவு வேகத்தில் பார்ப்பது?

ஒரு நாளைக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. வார இறுதியில் மொத்தமாக உட்கார்ந்து முடிக்கும் தொடர் இல்லை இது. அப்படி முடித்தவர்கள் இரண்டாவது சீசனுக்குள் போகும்போது முதல் சீசனில் பாதியை மறந்திருப்பார்கள். அதேபோல நடுவில் ஒரு மாதம் இடைவெளி விட்டாலும் நூல் அறுந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு எபிசோட், பிறகு கால் மணி நேரம் நோட்டைப் புரட்டிப் பேச்சு, பிறகு தூக்கம். கூட ஒரு ஆள் இருந்தால் ரொம்ப நல்லது. தனியாகப் பார்ப்பவர்கள் அடுத்த எபிசோடுக்கு முன் நோட்டை ஒருமுறை படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் எபிசோடை மட்டும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். மூன்று இடங்கள். ஒன்று, மைக்கேல் விட்டுச் செல்லும் கடிதம். உறையின் மேலே நவம்பர் 4-ம் தேதி இரவு 10:13-க்கு முன்னால் திறக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். அது யார் கைக்குப் போகிறது, அவர் யாரிடமெல்லாம் சொல்லவில்லை என்று பாருங்கள். இரண்டு, நீல்சன் வீட்டுக் காலைச் சாப்பாடு. கடைக்குட்டி மிக்கெல் அப்பாவுக்கு ஒரு மேஜிக் செய்து காட்டுவான். எப்படிச் செய்தாய் என்று கேட்டால், எப்படி என்பது கேள்வி இல்லை அப்பா, எப்போது என்பதுதான் கேள்வி என்பான். சிறுபிள்ளை விளையாட்டு என்று கடந்துவிடாதீர்கள். மூன்று, அன்று இரவு குகை வாசலில் பிள்ளைகள் கூடுவது. யார் முன்னால் ஓடுகிறார்கள், யார் யார் கையைப் பிடித்திருக்கிறார்கள், யார் கை எங்கே விடுபடுகிறது என்று கவனியுங்கள். இந்தக் காட்சிக்கு மறுபடி மறுபடி திரும்பி வருவீர்கள்.

மூன்றாவது எபிசோடில் வழக்கமாக எல்லோரும் திணறும் இடம் வரும். புது முகங்கள் வரிசையாக வருவார்கள். அவர்களைப் புது ஆட்கள் என்று நினைக்காதீர்கள், நோட்டில் உள்ளவர்களுக்குள்ளேயே தேடுங்கள். அதைத் தாண்டினால் ஐந்தாவது எபிசோடின் முடிவு உங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதுவும் பிடிக்கவில்லை என்றால், சரி, இது உங்களுக்கான தொடர் இல்லை. வருத்தமில்லாமல் விட்டுவிடலாம்.

இரண்டாவது சீசனில் ஆண்டுகள் கூடும். பக்கத்தின் மேலும் கீழும் விட்ட நாலு விரல் இடம் இப்போது பயன்படும். மூன்றாவது சீசனைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: நன்றாகத் தெரிந்த வீடே அன்னியமாகத் தெரிந்தால், இடது எது வலது எது என்று பாருங்கள். தலைமுடியைப் பாருங்கள், தழும்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள். அதற்கென்று தனி நோட்டு வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

இணையத்தில் தேடாதீர்கள். ஒரு பெயரைத் தட்டினாலே இவர் அவருடைய யார் என்ற கேள்வியைத் தேடுபெட்டியே நீட்டிவிடும். அந்த ஒரு வரியில் ஒரு சீசன் போய்விடும். யூடியூப் விளக்க வீடியோக்களின் முகப்புப் படமே ஆபத்து. குடும்ப மரம் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், நெட்ஃப்ளிக்ஸ் இந்தத் தொடருக்கென்று தனியாக ஒரு தளம் செய்திருக்கிறது. நீங்கள் எந்த எபிசோட் வரை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு அதுவரை உள்ளதை மட்டும் காட்டும். ஆனாலும் கையால் வரைந்ததுதான் மனதில் நிற்கும்.

அறிவியல் பேச்சு வரும்போது பதற வேண்டாம். குகை எப்படித் திறக்கிறது, எந்தத் துகள் என்ன செய்கிறது என்பதெல்லாம் முழுக்கப் புரியாவிட்டாலும் கதை நகரும். யோனாஸ் எதற்காகக் கிளம்புகிறான், கத்தரீனா எதை நினைத்து அழுகிறாள் என்று புரிந்தால் போதும். இரண்டாவது சீசனில் நானும் அண்ணனும் ஒரு முரண்பாட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாதாடினோம். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது எப்படியும் இருந்துட்டுப் போகட்டும்ல. பிள்ளையத் தொலைச்ச தாய் அது, காலமாவது நேரமாவது, தேடத்தான செய்வா?" காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். நாங்கள் தேடிய விளக்கம் அந்தத் தாயின் முகத்தில்தான் இருந்தது.

26 எபிசோடும் முடிந்த பிறகு அன்றைக்கே வேறு தொடர் எதையும் தொடங்காதீர்கள். மறுநாள் முதல் எபிசோடை மறுபடி போடுங்கள், இந்த முறை நோட்டு வேண்டாம். தொடக்கத்தில் ஒரு சுவர் முழுக்க ஒட்டியிருக்கும் புகைப்படங்களை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள், அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். பிறகு மைக்கேல் கடிதத்தை வைக்கும் காட்சி வரும். முதல்முறை அதை யாரோ ஒருவருடைய மரணமாகப் பார்த்திருப்பீர்கள். இந்த முறை அந்த அறையில் அவர் பார்வை எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். மிக்கெலின் மேஜிக் வரை ஓட்டிவிட்டு அணைத்துவிடலாம்.